உள்ளம் கேட்ட செவியும் நூல் எழுதிய கையும்: சுதீர் கக்கர்

சங்க அகப்பாடல்களைப் பயின்றோர் வெறியாட்டு என்னும் துறையை நன்கறிவர். தலைவி உடல் மெலிகின்றாள், வளை நெகிழ்கின்றது, உணவும் உறக்கமும் அவளுக்கு வேண்டாதனவாகின்றன. அஞ்சிய தாய் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கின்றாள். வேலன் வருகின்றான், களம் அமைக்கின்றான், மறியறுத்து, இது முருகன் அணங்கியதால் வந்த நோய் என்கின்றான். உண்மைக் காரணம் தோழிக்கு மட்டுமே தெரியும். குறுந்தொகையில் ஔவையார் பாடிய பாடல் ஒன்றில், குறி கூறும் பெண் குன்றங்களைப் பாடி வருகையில் தலைவனுடைய குன்றமும் அப்பாட்டில் வந்துவிடுகின்றது. உடனே தோழி, அந்தக் குன்றத்துப் பாட்டையே மீண்டும் பாடுமாறு வேண்டுகின்றாள். அந்த வேண்டுகோள் ஒன்றே தாய்க்குப் போதும். எத்தனையோ சொற்கள் காதில் விழுந்தும், நோயைத் தொட்ட சொல் எதுவென்று கேட்டறிந்தவள் தோழியே.

இதற்கு இணையான செய்தி ஒன்று இஸ்லாமிய மருத்துவ வரலாற்றிலும் உண்டு. இப்னு சீனா (980–1037) தம் 'அல் கானூன்' என்னும் பெருநூலில் காதல் நோயைப் பற்றிக் கூறுகையில், நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவருமாறு மருத்துவருக்கு வழிகாட்டுகின்றார். எப்பெயரைக் கேட்டதும் நாடி தடுமாறுகின்றதோ அங்கே நோயின் வேர் இருக்கின்றது. ஜுர்ஜான் நாட்டு அரசரின் உறவினனான இளைஞன் ஒருவனுக்கு அவர் இம்முறையில் ஊர்ப்பெயர், தெருப்பெயர், வீட்டுப்பெயர் என ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லச் செய்து அவன் காதலியைக் கண்டறிந்தார் எனச் 'சஹார் மகாலா' என்னும் பாரசீக நூல் உரைக்கின்றது. ஔவையாரின் குன்றமும் இப்னு சீனாவின் தெருப்பெயரும் ஒரே வேலையைச் செய்வதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு இத்தகைய கேட்டலை ஒரு முறையான மருத்துவமாகவே வகுத்தார். அதுவே உளப்பகுப்பாய்வு. நோயாளி சாய்விருக்கையில் படுத்துக்கொள்வார். மனத்தில் தோன்றுவது நாணத்தக்கதாயினும், பொருளற்றதாயினும், தடுக்காமல் சொல்லுதல் வேண்டும். ஆய்வாளர் அவர் கண்ணிற்படாமல் பின்னால் அமர்ந்து கேட்பார். ஏறத்தாழ ஒரு மணி நேரம், வாரத்தில் நான்கைந்து நாள் என்று இது ஆண்டுக்கணக்கில் நீளும். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, சொல்லும் செவியுமே கருவிகள். இம்மருத்துவம் செய்வதற்கு மருத்துவப் பட்டம் இன்றியமையாததன்று என்று பிராய்டே 1926-இல் ஒரு தனிநூல் எழுதி வாதிட்டார். அவர் எழுத்தின் சிறப்பைக் கருதி பிராங்க்பர்ட் நகரம் 1930-இல் அவருக்குக் கதே பரிசு வழங்கியது. மருத்துவருக்கு எழுத்தாளர்க்குரிய பரிசு கிடைத்தமை நம் பொருளுக்கு நல்ல முன்னுரையாகும்.

அந்த மரபில் வந்த இந்தியர் சுதீர் கக்கர் (1938–2024). உளப்பகுப்பாய்வாளராகத் தொழில் செய்துகொண்டே ஆய்வு நூல்கள் எழுதியவர். அறுபதாம் வயதில் புதின ஆசிரியராக இரண்டாம் வாழ்வு தொடங்கியவர். தமிழ்த்துறை மலரில் இவருக்கு என்ன இடம் என்று பெரியோர்கள் கேட்கலாம். அகம், புறம் என்று இலக்கியத்தையே இரண்டாகப் பகுத்த மொழியினர் நாம். 'அக உலகம்' எனப் பொருள்படும் பெயரிலேயே தம் முதன்மை நூலை எழுதிய ஒருவரை நாம் அறியாதிருத்தல் பொருந்தாது. அன்றியும், நம் கம்பம் பள்ளத்தாக்கில் மனநோய் என்ற சொல்லைச் சொல்லவே குடும்பங்கள் இன்றும் அஞ்சுகின்றன. அந்த அச்சத்தைப் பற்றியும் அவருடைய நூல்கள் பேசுகின்றன.

பொறியியலிலிருந்து உளவியலுக்கு

கக்கர் 1938-ஆம் ஆண்டு நைனிதாலில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலேயர் ஆட்சியில் நீதித்துறை நடுவராகப் பணியாற்றியவர். பணிமாற்றம் காரணமாகக் குடும்பம் ஊர் ஊராகச் சென்றது. இன்று பாகிஸ்தானில் உள்ள சர்கோதாப் பகுதியிலும், ரோத்தக்கிலும் சிறுவயது கழிந்தது. நாட்டுப் பிரிவினையின்போது அவருக்கு ஒன்பது வயது. அகதிகளாய் வந்த உறவினர்களின் பேச்சினைக் கேட்டு வளர்ந்த அச்சிறுவனே பின்னாளில் கலவரத்தின் உளவியலை எழுதினார் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

குடும்பத்தின் விருப்பப்படி அகமதாபாதில் இயந்திரப் பொறியியல் பயின்றார். பின் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் வணிகப் பொருளியல். வியன்னாவில் பொருளியலில் முனைவர் பட்டம். இத்தனை படித்தும் தாம் யாராக வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகவில்லை. 1964-இல் அகமதாபாதில் அவர் சந்தித்தவர் எரிக் எரிக்சன். அகமதாபாதில் 1918-இல் நடந்த ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை மையமாக வைத்துக் காந்தியடிகளைப் பற்றி ஒரு நூல் எழுதுவதற்குச் செய்தி திரட்ட வந்திருந்தார் எரிக்சன். இளமையில் ஓவியராக அலைந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாமலே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 'அடையாளச் சிக்கல்' என்று இன்று எல்லாரும் பேசும் கருத்தினை உலகிற்குத் தந்தவரும் அவரே. அச்சிக்கலில் தாமே உழன்றுகொண்டிருந்த இளைஞருக்கு அதனை ஆராய்ந்தவரே ஆசானாக வாய்த்தார். கக்கர் ஹார்வர்டு சென்று எரிக்சனுக்கு உதவியாளரானார். பின்னர் 1971 முதல் 1975 வரை பிராங்க்பர்ட்டில் உள்ள பிராய்டு நிறுவனத்தில் பயிற்சி பெற்றுத் தில்லிக்குத் திரும்பி உளப்பகுப்பாய்வுத் தொழிலைத் தொடங்கினார்.

இந்தியாவில் அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. கல்கத்தாவைச் சேர்ந்த கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். பிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். அவரும் புராண ஆராய்ச்சி எழுதினார், கனவு பற்றி எழுதினார், குழந்தைகளுக்குக் கதையும் எழுதினார். கேட்பதைத் தொழிலாகக் கொண்டவர்க்கு எழுத்து ஏனோ விடாது ஒட்டிக்கொள்கின்றது போலும்!

தர்காவும் கோடாங்கியும்

கக்கரின் நூல்களுள் நம் பகுதி மக்கள் முதலில் படிக்க வேண்டியது என நாம் கருதுவது 1982-இல் வெளிவந்த 'ஷாமன்ஸ், மிஸ்டிக்ஸ் அண்டு டாக்டர்ஸ்' என்னும் நூலாகும். சாமியாடிகள், ஞானிகள், மருத்துவர்கள் என்று அதனைத் தமிழில் கூறலாம். மேலைநாட்டுப் பயிற்சி பெற்று வந்த ஒருவர் நாட்டு மருத்துவ முறைகளை மூடப்பழக்கம் என்று ஒதுக்குவார் என்றே நாம் எதிர்பார்ப்போம். அவரோ தில்லியிலுள்ள பத்தேஷா தர்காவுக்குச் சென்று அங்கிருந்த பீர் அவர்களின் அருகில் அமர்ந்தார். இராஜஸ்தானில் பாலாஜி கோயிலில் பேய் பிடித்தோர் நடுவே நாட்களைக் கழித்தார். ஒராவோன் பழங்குடி மந்திரவாதி, திபெத்திய மருத்துவர், ஆயுர்வேத வைத்தியர் என ஒவ்வொருவரிடமும் சென்றார். எல்லாரிடமும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: உம்மிடம் வந்தவர் எவ்வாறு குணமடைகின்றார்?

பாலாஜி கோயிலில் அவர் கண்ட காட்சி நமக்குப் புதிதன்று. அங்கே பேய் ஒரு நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவதுபோல் நிறுத்தப்படுகின்றது. அது பேசுகின்றது, வாதிடுகின்றது, இறுதியில் பணிகின்றது. இளம் மருமகள் ஒருத்தி தன் மாமியாரை நேருக்கு நேர் ஒரு சொல் சொல்ல இயலாது. ஆனால் அவள்மேல் வந்த பேய் எதையும் சொல்லலாம், பழி பேயினுடையதே. அடக்கப்பட்ட சினமும் ஆசையும் அங்கே வாய் பெறுகின்றன என்று கக்கர் விளக்குகின்றார்.

நம் பள்ளத்தாக்கின் ஊர்களில் கோடாங்கி பார்ப்பதும் இத்தகையதே. கோடாங்கி உடுக்கடித்துப் பாடுவார். யார் நீ, எந்த ஊர், எங்கே பிடித்தாய், என்ன வேண்டும் என்று கேட்பார். தலைவிரித்து ஆடும் பெண்ணின் வாயிலிருந்து பெயர் வரும், குறை வரும், பல வேளைகளில் வீட்டார் ஒருவரும் அறியாத வருத்தம் ஒன்று வரும். பின் உச்சிமுடியில் ஓர் இழை எடுத்துப் புளியமரத்தில் ஆணியடித்து இறக்குவார்கள். பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்குதல், தாயத்துக் கட்டுதல், வேப்பிலை அடித்தல் ஆகியவற்றில் சமய வேறுபாடு பார்ப்பவர் குறைவு. இந்துத் தாய்மார் குழந்தையுடன் தொழுகை முடியும் வேளையில் பள்ளிவாசல் வாயிலில் நிற்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். இவற்றைக் கண்டு நகைப்போர்க்குக் கக்கரின் நூல் ஒரு விடை தருகின்றது. நோயாளியைத் தனியே விடாமல் குடும்பத்தையும் உடன் அமர்த்துவது, அவர் அறிந்த மொழியிலேயே நோய்க்குப் பெயரிடுவது, ஒருவர் பொறுமையாகக் கேட்பது ஆகிய மூன்றும் அங்கே நிகழ்கின்றன. மூன்று நிமிடத்தில் மாத்திரைச் சீட்டு எழுதித் தரும் இடங்களில் இவை நிகழ்வதில்லை.

எனினும் இந்நூலைத் துணைக்கு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிட இயலாது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். தர்காவின் அருளை நாடி, கனவில் உத்தரவு வரும்வரை காத்திருக்கக் குடும்பத்தாரால் அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். சங்கிலி இட்டவன் கேட்பவன் அல்லன்; அங்கே செவி இல்லை. ஏர்வாடி நிகழ்வுக்குப் பின் இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோயாளரைச் சங்கிலியால் பிணைத்தலை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் தடை செய்கின்றது. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008 முதல், 'தவா'வும் 'துஆ'வும், அதாவது மருந்தும் இறைஞ்சுதலும், ஒருசேர நடக்கும் திட்டம் ஒன்று இயங்கியது. முஜாவர்கள் தம்மிடம் வருவோரை அருகிலேயே இருக்கும் மனநல மருத்துவரிடமும் அனுப்பிவைத்தனர். ஏர்வாடியிலும் பின்னர் இம்முறை பின்பற்றப்பட்டது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்று நபிகளார் கற்பித்ததை நம் ஆலிம்கள் பலமுறை எடுத்துரைத்துள்ளனர். எனவே தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதால் ஈமான் குறைந்துவிடாது. ஓதிப் பார்ப்பதால் மாத்திரை வேலை செய்யாமலும் போகாது. இளம் பிள்ளைகள் உறக்கமின்றித் தவிக்கும்போது 'வெளியில் தெரிந்தால் பெண் கிடைக்குமா, மாப்பிள்ளை கிடைக்குமா' என்று மாதக்கணக்கில் மறைத்துவைப்பதே நம்மிடையே உள்ள பெருங்கேடு.

மாங்கனியும் தாய்மாமனும்

கக்கருக்குப் பெயர் தேடித் தந்த 'தி இன்னர் வேர்ல்டு' 1978-இல் வெளிவந்தது. ஏ.கே. இராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 'அக நிலக்காட்சி' எனப் பொருள்படும் பெயரில் வெளியிட்டது 1967-இல். இரண்டு தலைப்புகளும் ஒன்றையொன்று பார்த்துச் சிரிப்பதுபோல் நமக்குத் தோன்றுகின்றது. இந்தியக் குழந்தை நெடுங்காலம் தாயின் மடியிலேயே வளர்ந்து, பின் ஐந்து வயதளவில் திடீரென ஆடவர் உலகிற்குள் தள்ளப்படுகின்றது. அந்த இழப்பின் தழும்பு வாழ்நாள் முழுதும் ஆண்மகனின் உள்ளத்தில் நிற்கின்றது என்பது அந்நூலின் மையக் கருத்துகளுள் ஒன்று. பிராய்டின் கொள்கையில் தந்தை மகன் பகையே பெரிது. கக்கரின் இந்தியாவில் தாயே பெரிது.

மாங்கனிக்காக உலகைச் சுற்றிய கதையையும் அவர் தம் எழுத்தில் எடுத்தாள்கின்றார். பழனிக்கு அருகில் வாழும் நமக்கு அக்கதையைச் சொல்ல வேண்டியதில்லை. தாயை விட்டு உலகெங்கும் பறந்து செல்ல விரும்பும் உள்ளமும், தாயைச் சுற்றி வந்தாலே போதும் என்று அமரும் உள்ளமும் ஒரே ஆண்மகனின் இரு விருப்பங்கள் என்பது அவர் விளக்கம். கதையைத் தோத்திரமாக மட்டுமே கேட்டுப் பழகியோர்க்கு இது சற்று அதிர்ச்சி தரலாம். ஆயினும் பொருத்தமாகவே இருக்கின்றது.

இந்நூலில் நமக்கு ஒரு குறையும் உண்டு. கக்கர் கண்ட குடும்பம் பெரும்பாலும் வடநாட்டு உயர்சாதி இந்துக் குடும்பம். அங்கே மணமகள் முன்பின் அறியாத ஊருக்கு, அறியாத வீட்டுக்குச் செல்கின்றாள். மகன் பிறந்த பின்னரே அவளுக்கு மதிப்பு வருகின்றது. அதனால் மகன்மேல் அவள் பற்று அளவு கடக்கின்றது என்று அவர் வாதம் நடக்கின்றது. நம் நாட்டிலோ பெண் தன் தாய்மாமன் வீட்டிற்கோ அத்தை வீட்டிற்கோ செல்வது நெடுநாள் வழக்கம். மாமியார் சிறுவயதிலிருந்தே அறிந்த அத்தை. கணவன் கூட விளையாடிய மச்சான். இராவுத்தர் குடும்பங்களிலும் இம்முறை உண்டு. இங்கே மகனுக்கு 'அத்தா' ஒருபுறமும் 'மாமா' மறுபுறமுமாக ஆடவர் உலகின் வாசல்கள் இரண்டு திறந்திருக்கின்றன. தாய்மாமன் மடியில் வைத்துக் காதுகுத்தும் நாட்டில் தாய்க்கும் தந்தைக்கும் இடையே ஒரு மூன்றாமவர் எப்போதும் நிற்கின்றார். அந்த மூன்றாமவர் கக்கரின் நூலில் இல்லை. தமிழ்நாட்டின் அக உலகம் இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.

கலவரத்தின் உள்ளம்

1990 டிசம்பரில் ஹைதராபாதில் நடந்த இந்து–முஸ்லிம் கலவரத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனை ஆராய்ந்து கக்கர் எழுதிய 'வன்முறையின் வண்ணங்கள்' என்னும் பொருளுள்ள நூல் தொண்ணூறுகளின் நடுவில் வெளிவந்தது. அவருடைய ஆய்வு நூல்களுள் இதுவே துணிவுமிக்கது என்பது நம் கருத்து. பழைய நகரத்தின் இந்துக் குடியிருப்பு ஒன்றிலும் முஸ்லிம் குடியிருப்பு ஒன்றிலும் அவர் உட்கார்ந்து கேட்டார். இருதரப்பிலும் கலவரக் காலத்தில் 'காவலர்'களாகத் திகழ்ந்த பயில்வான்களிடம் பேசினார். சிறுவர்களுக்குப் பொம்மைகளைக் கொடுத்து விருப்பம்போல் ஒரு காட்சி அமைக்கச் சொல்லி, அவர்கள் எந்தப் பொம்மையை எங்கே வைக்கின்றனர் என்று கவனித்தார். குழந்தைகளின் விளையாட்டிலிருந்து உள்ளத்தைப் படிக்கும் இம்முறை எரிக்சனிடம் கற்றது.

வதந்தியைப் பற்றி அவர் எழுதுவது ஊன்றிப் படிக்கத்தக்கது. பாலில் நஞ்சு கலந்துவிட்டனர் என்ற பேச்சு கலவரந்தோறும் எழுகின்றது. பால் என்பது தாயின் உணவு. வாழ்வில் முதன்முதல் நம்பியது. அதிலேயே நஞ்சு என்றால் உலகில் நம்புவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த நொடியில் தனிமனிதன் மறைந்து, தன் கூட்டத்தின் பெயரையே தன் பெயராகக் கொள்கின்றான். நேற்றுவரை இராமனாகவும் இஸ்மாயிலாகவும் இருந்தவர்கள் வெறும் இந்துவும் வெறும் முஸ்லிமுமாகச் சுருங்குகின்றனர். எனினும் கலவர நாளிலும் செய்யக்கூடாதவை எவை என்று கேட்டபோது, இருதரப்பினரும் பெண்களைச் சீரழித்தலைத் தவறென்றே கூறினர் என்பதையும் அவர் பதிவு செய்கின்றார்.

இந்நூலில் அவர் தம்மையும் விட்டுவைக்கவில்லை. பிரிவினைக் காலத்து இந்துச் சிறுவனாகத் தாம் கேட்டு வளர்ந்த கதைகள் முஸ்லிம்களைப் பற்றித் தம் உள்ளத்தில் எத்தகைய படத்தை வரைந்தன என்பதை வெளிப்படையாக எழுதுகின்றார். அப்படம் தம் காதை அடைக்கின்றதா என்று சோதித்துக்கொண்டே கேட்கின்றார். முஸ்லிம் வாசகர்களாகிய நாம் மதிப்பது இந்த நேர்மையையே. அதே வேளையில் ஒன்று சொல்ல வேண்டும். மேடையிலும் ஒலிநாடாவிலும் ஓங்கி முழங்கும் இருதரப்புக் குரல்களுக்கு அந்நூலில் கிடைத்த இடம், கடைத்தெருவில் கணக்கெழுதிக்கொண்டு அண்டை வீட்டாருடன் அமைதியாய் வாழும் பெரும்பான்மையோருக்குக் கிடைக்கவில்லை. முழங்காத குரலைக் கேட்பது உளப்பகுப்பாய்வாளருக்கும் கடினம் போலும்.

இது தொலைவிலுள்ள ஊரின் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. 1989-இல் போடிப் பகுதியில் சாதிக் கலவரம் நிகழ்ந்தது. 1997–98-இல் கோவை எரிந்தது. அங்கெல்லாம் வதந்தி என்ன சொல்லிற்று, யார் யாரைக் காத்தனர் என்று நேரில் அறிந்தோர் இன்றும் இருக்கின்றனர். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டவர் எத்தனை பேர்?

அறுபதில் முதல் புதினம்

1998-இல் கக்கரின் முதல் புதினம் வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபது. பணி ஓய்வு பெற்றுப் பலர் சாய்வு நாற்காலி தேடும் வயதில் அவர் புதிய துறை ஒன்றில் மாணவரானார். அதன்பின் இருபது ஆண்டுகளில் ஆறு புதினங்கள். காமசூத்திரம் இயற்றிய வாத்ஸ்யாயனர், இராமகிருஷ்ணரின் வாழ்வை நினைவூட்டும் ஒரு துறவி, காந்தியடிகளிடம் 1925-இல் வந்து சேர்ந்து மீரா எனப் பெயர் பெற்ற ஆங்கிலப் பெண்மணி மெடலின் ஸ்லேடு, வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரி, இலாகூரில் இளம் பத்திரிகையாளராக இருந்த கிப்ளிங் ஆகியோர் வெவ்வேறு புதினங்களின் நாயகர்கள். ஏறத்தாழ எல்லாரும் வரலாற்று மாந்தர். எல்லாரும் தமக்குள் ஒரு போரை நடத்தியவர்கள்.

ஆய்வுநூல் எழுதிப் புகழ் பெற்றவர் ஏன் புதினத்திற்கு வந்தார்? நமக்குத் தோன்றும் காரணம் எளியது. உளப்பகுப்பாய்வாளர் கேட்டதில் பெரும்பகுதியை வெளியிட இயலாது, அது அமானிதம். பெயரை மாற்றி, ஊரை மாற்றி, அடையாளத்தை அழித்து எழுதும்போது வாழ்வின் சதையும் குருதியும் போய் எலும்பே மிஞ்சுகின்றது. புதினத்தில் அத்தடை இல்லை. நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்தவரைச் சாய்விருக்கையில் படுக்கவைத்துப் பேசச் செய்யலாம். நம் அகப்பாடல் மரபும் இதே காரணத்தால்தான் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டலாகாது என்று விதித்ததோ என எண்ணத் தோன்றுகின்றது.

ஆறனுள் நம் மாணவர்க்கு நாம் பரிந்துரைப்பது 2010-இல் வந்த 'தி கிரிம்சன் த்ரோன்'. ஷாஜஹானின் இறுதி ஆட்சியாண்டுகளில் தாரா ஷிகோவுக்கும் ஔரங்கசீபுக்கும் நடந்த அரசுரிமைப் போரே கதைக்களம். கதையைச் சொல்வோர் இருவர். ஒருவர் பிரெஞ்சு நாட்டவர் பெர்னியர். முறையாக மருத்துவம் பயின்றவர். மற்றவர் வெனிஸ் நகரத்து மனூச்சி. மருத்துவம் பயிலாமலே மருத்துவரானவர். பிற்காலத்தில் நம் சென்னையிலேயே குடியேறி வாழ்ந்தவர். பயின்ற மருத்துவருக்கு ஔரங்கசீபின் ஆற்றல்மேல் மதிப்பு. பயிலாதவருக்குத் தாராவின்மேல் அன்பு. இருவர் கண்ணும் ஒரே நிகழ்ச்சியை இருவேறாகக் காண்கின்றன. உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்த தாராவை நல்லவர் என்றும், ஔரங்கசீபைத் தீயவர் என்றும் பாடநூல் இரண்டே வரியில் முடிக்கும். அண்மைக் காலத்தில் அவ்விரண்டு வரிகள் தெருச் சண்டைக்கே காரணமாகின்றன. கக்கரோ தந்தையின் அன்பு முழுவதையும் பெற்ற மகன் ஒருவன், அதைப் பெறாத மகன் ஒருவன் என்று இருவரையும் நம்முன் நிறுத்துகின்றார். தாரா 1659-இல் கொல்லப்பட்டார் என்பதை அறிந்தே படித்தாலும் நெஞ்சு பதைக்கின்றது.

புதினங்களுக்கு இடையே பிற நூல்களும் நிற்கவில்லை. அமெரிக்க அறிஞர் வெண்டி டோனிகருடன் காமசூத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2002-இல், ஜெர்மானியரான துணைவியார் கத்தரீனாவுடன் இந்தியரின் இயல்பு பற்றிய நூல் 2007-இல், தன்வரலாறு 2011-இல், இளமைத் தாகூரைப் பற்றிய நூல் 2013-இல். எல்லாம் ஒரே தரத்தன அல்ல. இந்தியர் யாவரையும் ஒரே சட்டத்துக்குள் அடைக்க முயலும் 2007-ஆம் ஆண்டு நூல் நமக்கு நிறைவு தரவில்லை. தாகூர் நூல் அதனினும் பன்மடங்கு உயர்ந்தது. வேலையாட்களின் பொறுப்பில் தனித்து விடப்பட்ட பெருவீட்டுச் சிறுவனைக் கவிஞனாக்கிய தனிமையை அது நுட்பமாகக் காட்டுகின்றது. வாழ்வின் பிற்பகுதியைக் கோவாவில் கழித்த கக்கர் 2024 ஏப்ரல் 22 அன்று மறைந்தார். உளப்பகுப்பாய்வும் மேலையல்லாத நாகரிகங்களும் பற்றிய அவருடைய இறுதிநூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

முதுகலை ஆய்வேட்டிற்குத் தலைப்புத் தேடி வரும் மாணவர்கட்கு ஒரு வேண்டுகோள். வெறியாட்டுத் துறைப் பாடல்களை நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு, ஐங்குறுநூறு ஆகியவற்றிலிருந்து திரட்டிக்கொள்ளுங்கள். பின் கூடலூர் முதல் வீரபாண்டி வரை உள்ள ஊர்களில் இன்றும் உடுக்கெடுக்கும் கோடாங்கியரையும், ஓதிப் பார்க்கும் மோதினாரையும், அவர்களிடம் சென்று வந்த குடும்பத்தாரையும் காணுங்கள். உடுக்கின் தாளமும், கேட்கப்படும் கேள்விகளின் வரிசையும், பேய் தன் பெயர் சொல்லும் விதமும் ஒலிப்பதிவாகட்டும். நோயாளியின் பெயரையும் ஊரையும் எழுத வேண்டா. கோடாங்கியருள் பலர் எழுபதைக் கடந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் சென்றுவிட்டனர். வரும் கோடை விடுமுறையிலேயே இப்பணியைத் தொடங்குவோர்க்குத் துறை நூலகத்தில் உள்ள ஒலிப்பதிவுக் கருவியைத் தருவதற்கு ஏற்பாடு செய்துள்ளோம்.